தானே சாப்பிட, தானே குளிக்க: ஆக்குபேஷனல் தெரபி பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

பக்கவாதம் வந்தவர் பிழைத்து வீடு திரும்பியதும் சொந்தபந்தம் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ நடப்பார்?" தானாகச் சாப்பிடுவது எப்போது, துணையில்லாமல் கழிப்பறைக்குப் போய்வருவது எப்போது என்று கேட்பவர்கள் குறைவு. கட்டிலில் கிடப்பவரை அதிகம் வதைப்பது இந்தக் கேள்விகள்தான். இதற்கென்றே படித்துப் பயிற்சி பெற்றவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். இந்தத் துறையில் இருக்கும் எனக்கு, குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை.

தினமும் பிசியோதெரபி கொடுக்கிறோம். அது போதாதா?

பிசியோதெரபி அவசியம். அதை நிறுத்தக் கூடாது. தசையின் வலு, மூட்டின் அசைவு, நடை ஆகியவற்றை அது மீட்கப் பார்க்கிறது. மீண்ட கையைக் கொண்டு அவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பது எங்கள் கவலை. கை தோள் உயரம் வரை எழுகிறது. சட்டை போட முடிகிறதா? விரல் மடங்குகிறது, சோற்றைப் பிசைய வருகிறதா? வரவில்லை என்றால் உடம்பைப் பழக்கலாம், செய்கிற முறையை மாற்றலாம், பொருளையோ இடத்தையோ மாற்றலாம். இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். "கை முழுசாகத் தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கும் வீடுகளில், மாதங்கள் போகப் போக நோயாளி எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதற்குப் பழகிவிடுகிறார்.

ஆக்குபேஷனல் தெரபி நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் உருவானது. பக்கவாதத்துக்கு மட்டும் உரிய சிகிச்சை என்றும் நினைக்க வேண்டாம். தண்டுவடக் காயம், குழந்தைகளின் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மூட்டுவாதம், மறதி நோய், மனநோய், தீக்காயம், தொழுநோயால் மடங்கிய விரல்கள் என்று அன்றாட வேலைகள் தடைப்படும் இடமெல்லாம் இதற்கு வேலை உண்டு.

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் சாப்பிடச் சொன்னால் கோபப்படுகிறார். ஊட்டிவிட்டால் அழுகிறார். என்ன செய்வது?

அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் சாப்பிட வலது கை, கழுவ இடது கை என்பது நினைவு தெரிந்த நாளிலிருந்து வரும் பழக்கம். வலது கை விழுந்த மனிதர் இரண்டையும் ஒரே கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் அருவருப்பது அதைத்தான். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார். "பசிச்சா சாப்பிடுவார், விடு" என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள். கையில் பிடித்துப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாய் ஒன்றை, நல்ல கைக்கு எட்டும் பக்கத்தில் பொருத்துங்கள். கை படாமல் சுத்தம் செய்ய வழி கிடைத்தாலே பாதி மனத்தடை போய்விடும். அடுத்து சாப்பாட்டுக்கு ஸ்பூன். சாதாரண ஸ்பூனின் காம்பு மெலிதாக இருப்பதால் பழகாத கையில் சுழலும். காம்பில் பழைய சைக்கிள் டியூபையோ, ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கருப்பு நுரைக் குழாயையோ செருகித் தடிமனாக்குங்கள். தட்டு விளிம்பு உயர்ந்ததாக இருக்கட்டும். ஸ்பூனால் தள்ளும் சோறு விளிம்பில் மோதி ஸ்பூனுக்குள்ளேயே ஏறும். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை விரித்தால் தட்டு நகராது. முதல் வாரம் குழைந்த சாதம், குழம்பில் ஊறிய இட்லி போல ஒன்றோடொன்று ஒட்டும் உணவாகக் கொடுங்கள். உதிரிச் சோறும் ரசமும் பிறகு வரட்டும்.

விழுந்த வலது கையை மடியில் தொங்கவிடாதீர்கள். மேசைமேல் தட்டை ஒட்டி வையுங்கள். அசைவு கொஞ்சம் திரும்பினாலும் தட்டை அணைத்துப் பிடிக்கும் வேலையை அதற்குக் கொடுக்கலாம். அசைவு கூடக் கூட, வலது கையால் உண்ணும் பயிற்சியையும் தெரபிஸ்ட் சேர்த்துக்கொள்வார். ஆக, இடது கை அவருக்கு நிரந்தரத் தீர்ப்பு அல்ல. இதை அவரிடம் சொல்லியே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்டபின் குரல் நீர் கோத்தாற்போல மாறினாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். அப்போது ஸ்பூனையும் தட்டையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை.

அம்மா தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறார். பசியில்லை என்றும் சொல்லவில்லை. பிடிவாதமா?

தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மிச்சம் எப்போதும் இடது பாதியிலேயே இருக்கிறதா? மூளையின் வலது பக்கத்தில் பாதிப்பு வந்தால், கண் நன்றாக இருந்தும் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலர் கவனத்தில் பதியாது. இடது கன்னத்தில் பவுடர் போட மாட்டார்கள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் பழக்குங்கள். பேசும்போது இடது பக்கமாக நாற்காலி போட்டு உட்காருங்கள். திட்டினால் திருந்தாது; நினைவூட்டினால் மெல்ல மெல்ல முன்னேறும்.

நாங்கள் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறோம். முடியாத மனிதரைப் போய் "நீயே செய்" என்று படுத்துவது பாவமில்லையா?

எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி இது. ஏனென்றால் கேட்பவர்கள் உண்மையான பாசத்தில் கேட்கிறார்கள். ஆனால் பயன்படுத்தாத கை இன்னும் பலவீனமாகிறது. செய்ய முடிந்ததையும் பிறர் செய்துவிட்டால் அந்தத் திறமையும் போய்விடுகிறது. உடம்பைவிட முதலில் போவது நம்பிக்கை. அறுபது வயது வரை வீட்டை நடத்தியவருக்குச் சட்டைப் பித்தானை மருமகள் போட்டுவிடும்போது அவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா?

அதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டச் சொல்லவில்லை. பின்னாலிருந்து முன்னால் வருவது என்று ஒரு முறை உண்டு. சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். முழுவதையும் நீங்களே போட்டுவிட்டு, கடைசிப் பித்தானை மட்டும் அவருக்கு விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. பிறகு எல்லாப் பித்தான்களும். அப்புறம் நல்ல கையை நுழைப்பது. இப்படிப் போனால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்து வைப்பவர் அவராகவே இருப்பார். முதல் படியில் தொடங்கிப் பாதியில் தோற்று, "நீயே போட்டுவிடு" என்று கையை விரிக்கும் நிலை வராது.

சட்டை என்றதும் இன்னொன்று. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றியதாலேயே காலையில் நடக்கும் இழுபறி முடிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். பித்தானுக்குப் பின்னால் வெல்க்ரோ தைக்கலாம். மேலே பித்தான் பித்தானாகவே தெரியும். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, முன்பக்கம் ஹூக் வைத்த ரவிக்கை, கொசுவம் வைத்துத் தைத்த புடவை. தெருமுனைத் தையல்காரரே இவற்றைச் செய்து தருவார். எந்தக் காரணம் கொண்டும் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். பிடிமானம் இழந்த தோள் மூட்டு இறங்கி, வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

காலையில் அவசரமாகக் கிளம்பும் நாளில் நீங்களே போட்டுவிடுங்கள். தவறில்லை. மாலையில் நேரம் இருக்கும்போது அவர் செய்யட்டும், அவர் எடுக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு.

குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். முழுவதையும் இடித்துக் கட்ட வசதியில்லை.

இடிக்கவே வேண்டாம். முதலில் நின்றுகொண்டு குளிப்பதை நிறுத்துங்கள். கைப்பிடி வைத்த கனமான நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி சோப்புத் தண்ணீரில் வழுக்கும். கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டியே ஆக வேண்டும். வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டியிருக்கும். வாளியை ஒரு முக்காலிமேல் ஏற்றுங்கள், குவளையைச் சிறிதாக்குங்கள். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் நழுவி விழாது. விழுந்த கைக்குச் சூடு உறைக்காமல் இருக்கலாம். வெந்நீரை எப்போதும் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கம்பி துண்டின் கனத்துக்கு மாட்டியது. ஆள் பாரம் விழுந்தால் சுவரோடு பெயர்ந்து வரும். சுவருக்குள் ஆழமாகத் துளையிட்டு மாட்டும் ஸ்டீல் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. அவருடைய நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், அவர் உட்கார்ந்து எழும்போது கை இயல்பாகப் போகும் உயரத்தில் அது இருக்க வேண்டும். கொத்தனார் தன் கைக்கு எட்டிய உயரத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார். நோயாளியை உட்கார வைத்து, எழச் சொல்லி, சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

தரையோடு பதித்த கழிப்பறை என்றால், நடுவில் துளை வைத்த கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், அதன்மேலேயே வைத்துக்கொள்ளலாம். உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறந்தால், விழுந்தவர் கதவுக்கு அணையாகிவிடுவார், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்க வையுங்கள். இது தச்சருக்குச் சின்ன வேலை.

வாடகை வீடு என்றால் நாற்காலி, கமோடு, முக்காலி எல்லாம் உங்களோடு வந்துவிடும். சுவரில் கைப்பிடி மாட்ட மட்டும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

வாசலில் சாய்தளம் கட்டினோம். சக்கர நாற்காலியை ஏற்றவே முடியவில்லை.

செங்குத்தாகக் கட்டியிருப்பீர்கள். உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. வாசலில் மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ. உயரம், அதற்கு 540 செ.மீ., ஏறத்தாழ 18 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் பல தெருக்களில் கிடையாது. திண்ணையை ஒட்டி வளைத்துக் கட்ட முடியுமா, பின்வாசலில் படி குறைவா என்று பாருங்கள். வேறு வழியே இல்லாமல் செங்குத்தாக அமைந்துவிட்டால், துணைக்கு ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இறக்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, துணையாள் கீழே நின்று தாங்கியபடி இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் தலைகுப்புறச் சரிவார்.

சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் அதுவே பழகிவிடும், அப்புறம் நடக்கவே மாட்டார் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் வருடக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நடைப்பயிற்சி தன் பாட்டுக்கு நடக்கட்டும். அதுவரை வாசலுக்கு, கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்குப் போக நாற்காலி வேண்டாமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, நோயாளிகளை வீட்டு வாழ்க்கைக்குத் தயார் செய்யும் பிரிவை வேலூரில் வளர்த்தெடுத்தார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலி அவர்களைப் படுக்க வைக்கவில்லை.

ஆனால் நாற்காலி அளவாக இருக்க வேண்டும். இடுப்புக்கும் பக்கத் தகடுக்கும் இடையில் கைத்தலம் நுழையும் இடம் போதும். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். உறவினர் விட்டுச்சென்ற பெரிய நாற்காலியில் சாய்ந்து சாய்ந்தே முதுகு கோணிய சிறுவர்கள் உண்டு. உணர்வில்லாதவர்களுக்கு மெத்தை கட்டாயம். அரைமணிக்கு ஒருமுறையாவது, முடிந்தால் அதற்கும் முன்பாகவே, உடம்பைத் தூக்கியோ பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வலியே தெரியாமல் புண் எலும்பு வரை போய்விடும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கூட்டிப்போனால் ஊஞ்சல் ஆட்டுகிறார்கள், மாவு பிசைய வைக்கிறார்கள். இதற்கா இவ்வளவு பணம்?

பிள்ளைக்கு விளையாட்டுத்தான் வேலை. அதனால் சிகிச்சையும் விளையாட்டாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவது விரல் வலுவுக்கு; அடுத்த கட்டம் டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பது, பென்சில் பிடிப்பது. ஊஞ்சலும் அமைதிப்படுத்தும் பயிற்சிகளும் சில பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் என்று சொல்ல முடியாது. ஆட்டிசத்தைக் "குணப்படுத்துகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"மூன்று மாதத்தில் என் பிள்ளை எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பல் துலக்குவது, ஜட்டி போடுவது, வகுப்பில் பத்து நிமிடம் உட்காருவது என்று தெளிவான பதில் வர வேண்டும். பெற்றோரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தராத மையத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாரத்தில் மையத்தில் கழிவது சில மணி நேரம், மற்றதெல்லாம் வீட்டில்தானே?

ஆறு மாதம் தாண்டிவிட்டால் இனிப் பயனில்லை என்று சொன்னார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பின் மீட்சி முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும், அப்புறம் மெதுவாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆகவே சீக்கிரம் தொடங்குவது நல்லது. ஆனால் ஒரு கையால் காய் நறுக்கக் கற்றுக்கொள்ள எந்தக் கெடுவும் கிடையாது. பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து, உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்தினால் இன்னொரு கை பிடிக்க வேண்டியதில்லை. இதை இரண்டு வருடம் கழித்தும் கற்கலாம்.

இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? உதவிகள் உண்டா?

பிசியோதெரபிஸ்ட் கிடைக்கும் ஊர்களில்கூட எங்கள் துறை ஆட்கள் கிடைப்பதில்லை. இது பெரிய குறைதான். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி. ஆகியவை முக்கியமான இடங்கள். தமிழக அரசின் விழுதுகள் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இந்தச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதியில் மையம் உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தைகள் என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம்.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். சக்கர நாற்காலி முதலிய உபகரணங்களை அரசுத் திட்டங்களில் பெற அவையே அடிப்படை. தனியார் மையம் என்றால் சிகிச்சை தருபவர் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்று தயங்காமல் விசாரியுங்கள்.

அண்ணன் அரசு ஊழியர். விபத்தில் கால் போய்விட்டது. ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள்.

எழுதிக் கொடுக்கவே கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான பணியிடம் இல்லை என்றால் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அவரால் எந்த வேலையை எப்படிச் செய்ய முடியும், மேசையிலும் கழிப்பறையிலும் என்ன மாற்றம் தேவை என்று தெரபிஸ்டிடம் அறிக்கை வாங்கி, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

முதல் முறை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஸ்கேனும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். அவற்றோடு, செல்போனில் கழிப்பறை, குளியலறை, கட்டில், வாசல்படி, சமையல் மேடை எல்லாவற்றையும் படம் எடுத்து வாருங்கள். கதவுகளின் அகலத்தையும் படிகளின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டில் உயரமும் வேண்டும். எழ முடியாததற்குக் காலில் வலு இல்லாததைவிடக் கட்டில் தாழ்ந்திருப்பதே பல சமயம் காரணம்.

பாதிக்கப்பட்டவர் எதைச் செய்ய விரும்புகிறார் என்று கேட்டுவிட்டும் வாருங்கள். ஒரு பாட்டியை நடக்க வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கூட்டிவந்தார்கள். அவரைத் தனியாகக் கேட்டபோது, சாயங்காலம் விளக்கேற்ற வேண்டும் என்றார். விளக்கைத் தரையிலிருந்து எடுத்து மேசை உயரத்துக்கு மாற்றினோம். தீப்பெட்டிக்குப் பதிலாக ஒரு கையால் அழுத்தும் கேஸ் லைட்டர், அதுவும் தீப்பிழம்பு வரும் நீளமான வகை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே லைட்டரை எடுக்கப் பழக்கினோம். நடைப்பயிற்சிக்கு அவர் சம்மதித்தது அதன் பிறகுதான்: கட்டிலிலிருந்து பூஜை மாடம் வரை, முதலில் வாக்கரோடு.